மனநிலை, நம்பிக்கை, மயக்கக் காட்சி

எல்.எஸ்.டி., சைலோசிபின், மெஸ்கலின் முதலான சைக்கடெலிக் பொருட்களை உட்கொண்டவர் காண்பதும் உணர்வதும் அந்தப் பொருளின் வேதியியலால் மட்டும் அமைவதில்லை. அவருடைய அப்போதைய மனநிலை, எதிர்பார்ப்பு, வளர்ந்த சமயம், கூட இருப்பவர்கள், இடம் எல்லாம் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன என்னும் கருத்தும் அது வளர்ந்த வரலாறும் இங்கே பேசப்படுகின்றன. 1960களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ‘மனநிலையும் சூழலும்’ என்று பெயரிட்டுப் பரப்பினார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பெயர் இல்லாமலே இந்த அறிவு இருந்தது. மருந்து எதுவும் கொடுக்காமல் ஒருவரை நிலைமறக்கச் செய்து, அந்த நிலையில் யார் வந்து பேச வேண்டும் என்பதையும் ஊரே முன்கூட்டி அறிந்திருந்த மண் இது.

வெறியாட்டும் சாமியாட்டமும்

சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் அடிக்கடி வரும் காட்சி வெறியாட்டு. மகள் மெலிகிறாள், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. தாய் குறி கேட்கப் போகிறாள். கழங்குக் காய்களை உருட்டிப் பார்த்த வேலன் என்னும் முருக பூசாரி, இது முருகனின் வேலை என்கிறான். களம் அமைத்து, மாலை தொங்கவிட்டு, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, நள்ளிரவில் முருகன் தன்மேல் வந்ததாக அவன் ஆடுகிறான். தோழிக்கு மட்டும் உண்மைக் காரணம் தெரியும்: பெண் காதலித்திருக்கிறாள். இதைப் பாடியே பெயர் பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியாரின் பாடலில் (அகநானூறு 22) வெறியாடும் இரவிலேயே காதலன் ஒளிந்து வந்து சேர்கிறான். நோய் தீர்கிறது, பெயர் வேலனுக்குப் போகிறது, தலைவி சிரிக்கிறாள். ஒரே உடல் அறிகுறியைத் தாய் ஒரு நம்பிக்கை கொண்டும் தோழி இன்னொன்று கொண்டும் படிப்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய பழைய இலக்கியம் குறைவு.

இன்றைய சாமியாட்டத்திலும் இந்த அமைப்பு தொடர்கிறது. விரதம், வெயில், பம்பை, உடுக்கை, குலவை, சாம்பிராணிப் புகை. சாமி இறங்கியவரைப் பார்த்துப் பூசாரி, “வந்திருக்கிறது யாரு?” என்று கேட்பார். பதில் கருப்பன், மாரி, முனி என்று அந்த ஊர் அறிந்த பெயர்களுக்குள்ளேயே அமையும். ஊருக்குத் தெரியாத தெய்வம் ஒன்று வந்து இறங்குவது அபூர்வம். வாக்குச் சொல்லி முடித்ததும் சாமி மலையேறிவிடும், ஆடியவருக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றுக்கும் ஊரில் முறை உண்டு. மலேசியத் தைப்பூசத்தில் காவடி எடுப்போரை ஆராய்ந்து உளவியலாளர் கோலீன் வார்டு 1984இல் வெளியிட்ட கட்டுரை, இந்நிலையை நோயாகப் பார்க்காமல், சடங்கும் சமூகமும் தாங்கிப் பிடிக்கும் ஒன்றாகவே விளக்கியது.

விராலிமலைச் சுருட்டு

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையில், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிய குன்றின்மேல், மயிலேறிய ஆறுமுகனாக முருகன் இருக்கிறார். மலையைச் சுற்றி மயில்கள் திரியும். இந்தக் கோயிலில் முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். கருப்பருக்கும் முனியாண்டிக்கும் சாராயமும் சுருட்டும் வைப்பது எந்தக் கிராமத்திலும் காணக்கூடியது. ஆகம முறையில் பூசை நடக்கும் முருகன் கோயிலில் புகையிலை நைவேத்தியமாவதுதான் புதுமை.

தலக்கதை இது. குமாரவாடி ஜமீனைச் சேர்ந்த கருப்பமுத்துப் பிள்ளை முருகன்மேல் மாறாத பக்தி கொண்டவர், சுருட்டையும் விடாதவர். ஒருமுறை மலைக்கு வரும் வழியில் பெருமழை, மாமுண்டி ஆற்றில் வெள்ளம். கரையில் குளிரில் நடுங்கி நிற்கிறார். கையில் சுருட்டு இல்லை. அப்போது யாரோ ஒருவர் அருகில் வந்து, சுருட்டும் நெருப்பும் கொடுத்து, ஆற்றைக் கடத்திக் கோயில்வரை கூட்டி வந்து மறைந்துபோகிறார். சந்நிதியில் பார்த்தால் சுவாமி முன் சுருட்டு. வந்தவர் யார் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. பிற்காலத்தில் புதுக்கோட்டை அரசர் ஒருவர் இந்த வழக்கத்தைத் தடுக்க, முருகன் கனவில் வந்து தொடரச் சொன்னதாகவும் கதை நீள்கிறது.

புகையிலை போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த செடி. எனவே இந்தக் கதை எவ்வளவு பழையதானாலும் 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பக்கத்துத் திருச்சியோ பிறகு சுருட்டுக்கே பேர்போன ஊர் ஆயிற்று. கோனன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் தன் முதல் நாவலிலேயே (1887) சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டை அடையாளம் சொல்கிறார்.

கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருப்பமுத்துப் பிள்ளைக்கு ஆள் தென்பட்டது புகைத்த பிறகு அல்ல. புகைக்க ஒன்றுமில்லாமல் தவித்தபோது. குளிர், பசி, சுருட்டு ஏக்கம், கோயிலுக்குப் போய்ச் சேரவேண்டுமே என்ற பதைப்பு எல்லாம் சேர்ந்த நிலை அது. வந்தவர் வழிப்போக்கராகவே இருந்திருக்கலாம். அவரை முருகனாக அறிந்துகொள்ள இந்த மலையில் முன்மாதிரி ஆயத்தமாக இருந்தது. வயலூரிலிருந்து விராலிமலைக்கு வந்த அருணகிரிநாதருக்கு முருகன் வேடனாக வந்து வழிகாட்டினான் என்பதும் இந்தத் தலத்தின் கதைதான். வழி தெரியாதவனுக்கு முன்னால் முருகன் வேற்று ஆளாக வந்து நிற்பான் என்று ஊர் நம்பிய இடத்தில், பிள்ளை கண்டதும் அதையே.

இதே புகையிலை, பிறந்த மண்ணில் வேறு வேலை செய்தது. தென்னமெரிக்காவின் ஒரினோகோ கழிமுகத்தில் வாழும் வராவோ பழங்குடியில் மந்திரச் சடங்கு செய்வோர் நீண்ட சுருட்டுகளின் புகையை விழுங்கி, நிகோட்டின் மயக்கத்தில் ஆவியுலகுக்குப் பயணம் போகிறார்கள். ஜொஹன்னஸ் வில்பர்ட் 1987இல் எழுதிய நூல் இதை விரிவாகப் பதிவு செய்கிறது. அளவு வேறு என்பது உண்மை. ஆயினும் அளவு மட்டுமே காரணமென்றால், நாளெல்லாம் சுருட்டு புகைத்த நம் கிழவர்களில் சிலராவது ஆவியுலகம் போய்த் திரும்பியிருப்பார்கள். இங்கே யாரும் அதை எதிர்பார்த்துப் பற்றவைக்கவில்லை.

பௌரியின் பாங்

சூழலையும் மனநிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மிகப் பழைய கண்சாட்சிக் குறிப்புகளில் ஒன்று நம் கிழக்குக் கடற்கரைப் பயணங்களிலிருந்து வந்தது. தாமஸ் பௌரி என்ற ஆங்கிலேய வணிக மாலுமி 1669 முதல் 1679 வரை வங்கக் கடலைச் சுற்றிய நாடுகளில் திரிந்து எழுதிய கையெழுத்துப் படியை, ரிச்சர்டு கார்னாக் டெம்பிள் பதிப்பில் ஹக்லூயிட் சங்கம் 1905இல் வெளியிட்டது. சென்னை ஜார்ஜ் கோட்டை வருணனையோடு தொடங்கும் அந்நூலில், பௌரியும் கூட்டாளிகளும் பாங் என்ற கஞ்சாப் பானத்தைக் குடித்துப் பார்த்த ஒரு பிற்பகல் வருகிறது.

கடைத்தெருவில் ஆளுக்கொரு பைண்ட் அளவு பாங் வாங்கி, யாரும் பார்க்கக்கூடாது, உள்ளிருப்பவரும் வெளியே ஓடிவிடக்கூடாது என்று கதவுகளை அடைத்துக்கொண்டு குடித்தார்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்து பிற்பகல் முழுவதும் அழுதார். ஒருவர் பயந்துபோய்ப் பெரிய சாடி ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு 4 மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். நாலைந்து பேர் கம்பளத்தில் சாய்ந்து, தம்மைச் சக்கரவர்த்திகளாக எண்ணி ஒருவரையொருவர் புகழ்ந்து தள்ளினார்கள். இன்னொருவர் தாழ்வாரத்து மரத்தூணோடு சண்டைபோட்டு விரல் முட்டித் தோலை உரித்துக்கொண்டார். பௌரியும் மற்றொருவரும் 3 மணி நேரம் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். அழுதவரும் சாடிக்குள் ஒளிந்தவரும் இது கெடுதல் செய்துவிடுமோ என்று முன்பே அஞ்சியவர்கள் என்று பௌரி எழுதுகிறார். குடிக்கும் நேரத்தில் மனம் எப்படி இருக்கிறதோ அதன் வழியே பாங் வேலை செய்யும் என்பதும் அவர் முடிவு. உளவியல் என்ற துறையே இல்லாத காலத்தில் ஒரு கப்பல்காரர் இதைச் சொல்லிவிட்டார். பிரெஞ்சுக் கவிஞர் பொதலேர் 1860இல் கஞ்சாப் பிசினான ஹஷீஷைப் பற்றி எழுதியபோது, அது மனிதனுக்கு அவனையே பெரிதாக்கிக் காட்டுகிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மனநோய் மருத்துவமனைப் பதிவேடு

நம்பிக்கை உட்கொள்பவரிடம் மட்டும் இருப்பதில்லை, பார்த்து எழுதுபவரிடமும் உண்டு. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்ற புகாரை விசாரிக்க ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் (1893–94), மாக்வொர்த் யங் தலைமையில் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளில் ‘காரணம்: கஞ்சா’ என்று ஏராளமான பதிவுகள் இருந்தன. தோண்டிப் பார்த்தபோது, நோயாளியைக் கொண்டுவந்து விட்ட போலீசார் வேறு காரணம் தெரியாதபோது எழுதி அனுப்பியதை மருத்துவமனை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. அளவான பழக்கம் பெரும்பாலும் தீங்கில்லை, மிகையான பழக்கம் தீங்கானது என்று ஆணையம் முடிவு சொன்னது. இன்றும் காவல்துறைச் செய்திக்குறிப்பையே மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஒழிந்துவிடவில்லை.

ஆய்வுக்கூடத்தில்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1943 ஏப்ரல் 19 அன்று 0.25 மில்லிகிராம் எல்.எஸ்.டி.யைத் தாமே விழுங்கினார். நிலை தடுமாறி சைக்கிளில் வீடு வந்தவர், நஞ்சை முறிக்கப் பால் கேட்டார். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி வண்ண முகமூடி அணிந்த சூனியக்காரியாகத் தெரிந்தார். பைத்தியம் பிடித்துவிட்டது, சாகப்போகிறேன் என்று தவித்தார். மருத்துவர் வந்து சோதித்து, கண்பாவை விரிந்திருப்பதைத் தவிர உடம்பில் ஒன்றுமில்லை என்று கண்ட பிறகே பயம் மெல்ல விலகியது. அதற்குப் பின் அதே மருந்து வண்ணங்களையும் வடிவங்களையும் காட்டி அவரை மகிழ்வித்தது.

1955இல் மெக்சிகோவின் ஓவாக்சகா மலைச் சிற்றூரான ஹுவாவுட்லாவில் மரியா சபினா என்ற மசாதெக் மருத்துவச்சி, நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசனுக்குக் காளான் கொடுத்தார். 1957இல் ‘லைஃப்’ இதழில் வாசன் எழுதியதும் ஊருக்கு வெளிநாட்டினர் கூட்டம் வந்தது. நோய் தீர்க்கவே தன் ஊரார் காளானை நாடினார்கள், இவர்கள் கடவுளைப் பார்க்க வருகிறார்கள் என்று சபினா வருந்தினார். காளானும் வீடும் மூதாட்டியும் மாறவில்லை. தேடி வந்தவர்களின் தேவை மாறியிருந்தது.

இந்த வேறுபாட்டை 1959இல் அந்தோணி வாலஸ் என்ற மானிடவியலாளர் தரவுகளோடு எழுதினார். மெஸ்கலின் உட்கொண்ட வெள்ளையர்களிடம் மனம் ஏறி இறங்குவதும் சந்தேகமும் கட்டுப்பாடு தளர்வதும் மிகுந்திருந்தன. பெயோட்டிக் கள்ளியைச் சடங்காக உண்ட அமெரிக்கப் பழங்குடியினர் நிதானம் குலையாமல் பக்திப் பரவசம் அடைந்தார்கள். பெயோட்டியின் முதன்மை வேதிப்பொருளே மெஸ்கலின்தான். 1962 பெரிய வெள்ளி அன்று பாஸ்டன் பல்கலைக்கழக மார்ஷ் தேவாலயத்தில் வால்டர் பாங்கே 20 இறையியல் மாணவர்களில் பாதிப் பேருக்குச் சைலோசிபின் கொடுத்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு ஆன்மிக அனுபவம் வாய்த்தது. இறையியல் மாணவர்கள், தேவாலயம், பெரிய வெள்ளி: இத்தனையும் கூட்டி வைத்துவிட்டுப் பலனை முழுக்க மருந்தின் கணக்கில் எழுத முடியாது.

ஹார்வர்டில் உளவியலாளர் டிமத்தி லியரியோடு இந்த ஆய்வுகளில் இருந்து, 1963இல் வேலை நீக்கப்பட்ட ரிச்சர்டு ஆல்பர்ட் 1967இல் இந்தியா வந்தார். இமயத்தின் குமாவுன் மலையில் நீம் கரோலி பாபா என்ற சாமியார் அவரிடமிருந்த எல்.எஸ்.டி. மாத்திரைகள் மூன்றை வாங்கி விழுங்கியும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது, ராம் தாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஆல்பர்ட் சொன்னது. பாபா தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டாரோ என்ற ஐயம் அவருக்கே இருந்தது. பின்னொரு பயணத்தில் பாபா மறுபடி கேட்டு, அவர் கண்முன்னே விழுங்கினார் என்கிறார். சீடர் ஒருவரின் சாட்சியம் என்ற அளவில்தான் இதை வைக்கலாம்.

அண்மை ஆய்வுகள் எதிர்பார்ப்பைத் தனியே பிரித்து அளக்க முயல்கின்றன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் (2020) 33 மாணவர்களை வண்ண விளக்கும் இசையும் உள்ள விருந்து போன்ற அறையில் கூட்டி, சைலோசிபின் போன்றதென்று சொல்லி வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 61 விழுக்காட்டினர் ஏதோ விளைவு உணர்ந்ததாகச் சொன்னார்கள். மூளையில் செரட்டோனின் 2ஏ ஏற்பி வழியே இப்பொருட்கள் செயல்படுவது தெரிந்ததே. அதன்மேல் மூளை ஆய்வாளர்கள் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸும் கார்ல் ஃபிரிஸ்டனும் 2019இல் ஒரு விளக்கம் தந்தார்கள். மூளை உலகைப் பார்க்கக் கைக்கொள்ளும் முன்முடிவுகளின் பிடி இப்பொருட்களால் தளர்கிறது என்பது அதன் சாரம். தளர்ந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறாரோ அது எளிதில் உள்ளே போகும் என்பது இதிலிருந்து வரும் கவலை. சிகிச்சை அறைகளில் புத்தர் சிலை வைக்கும் பழக்கத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் மேத்யூ ஜான்சன் 2021இல் கண்டித்தது இதனால்தான்: சிகிச்சை அளிப்பவர் தம் சமயத்தை நோயாளிக்குள் நுழைக்கக்கூடாது. பூசாரிக்கு அந்தத் தடை இல்லை. அவர் யாருடைய பூசாரி என்பது வருகிறவர் எல்லாருக்கும் தெரியும்.

கொடைக்கானல்

தமிழ்நாட்டில் இன்று சைக்கடெலிக் என்றால் செய்தித்தாள் வாசகருக்கு நினைவு வருவது கொடைக்கானலின் போதைக் காளான். மாடு மேயும் புல்வெளிகளிலும் சாணத்திலும் முளைக்கும் சைலோசிபின் காளான்களைச் சுற்றுலா வரும் இளைஞர்கள் தேடுகிறார்கள், விற்பவர்கள் கைதாகிறார்கள். சைலோசிபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது. இங்கே சபினாவும் இல்லை, பூசாரியும் இல்லை. விடுதி அறை, கைப்பேசியில் பார்த்த வீடியோக்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, போலீஸ் வந்துவிடுமோ என்ற பயம் ஆகியவையே மனநிலையும் சூழலும். பௌரியின் நண்பர்களும் கதவை அடைத்துக்கொண்டுதான் குடித்தார்கள்.

இப்படிப் பயந்து வருபவருக்கு மருத்துவமனைகளில் முதலில் செய்வது, ஆரவாரமில்லாத, வெளிச்சம் குறைந்த இடத்தில் இருத்தி, இது சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று ஒருவர் அருகிலிருந்து பேசுவது. தேவையானால் பதற்றம் தணிக்கும் மருந்து. எதிர்பார்ப்பும் சூழலும் மாற்ற முடியாதவையும் உண்டு. தனக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ மனச்சிதைவு நோய் இருந்தவர்களைச் சைலோசிபின் சிகிச்சை ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. காட்டில் பறித்த காளான் வேறு இனமாக இருந்து கல்லீரலைத் தாக்கினால், அதற்கு அமைதியான அறை போதாது. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும்.