கையடக்கக் கணினிகளில் டெர்மினல் எமுலேஷன்

பண்டகசாலைகளிலும் துறைமுகங்களிலும் ஊழியர்கள் கையில் ஏந்திச் செல்லும் கம்பியில்லாக் கணினியை, தூரத்திலுள்ள பிரதானக் கணினியின் பழைய திரை முனையமாகவே நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருள் டெர்மினல் எமுலேஷன் எனப்படும். இதன் சரித்திரம் மேஜைமேல் அசையாதிருந்த முனையங்களிலிருந்து தொடங்குகிறது. ஐ.பி.எம். ஸ்தாபனத்தார் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட 3270 வரிசையும், 1977இல் சிஸ்டம்/34 கணினியுடன் அறிமுகமான 5250 வரிசையும், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியார் 1978இல் வெளியிட்ட வி.டி.100உம் அவற்றுள் முக்கியமானவை. வி.டி.100, விசையை அழுத்திய மாத்திரத்தில் அந்த எழுத்தைப் பிரதானக் கணினிக்கு அனுப்பிவிடும்; ஐ.பி.எம். முனையங்களோ, திரையிலுள்ள கட்டங்கள் நிரப்பப்பட்டு என்டர் விசை அழுத்தப்படும்வரை காத்திருந்து, விவரங்களை மொத்தமாக அனுப்பும். கைக்கணினிகளில் பிற்காலத்தில் எழுந்த சிக்கல்களுள் பலவற்றுக்கு இந்தச் சுபாவ பேதமே மூலகாரணம்.

ஆரம்பகால வானொலிக் கைக்கருவிகள் பிரதானக் கணினியுடன் நேரே பேசவில்லை. இடையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று அவற்றின் சார்பில் முனைய வேடம் பூண்டிருந்தது. முனையத்தைத் தூரக் கணினியுடன் வலை வழியே இணைக்கும் டெல்நெட் நெறிமுறை 1983இல் வரையறுக்கப்பட்டு, அதன்வழியே 5250 முனையத்தை இயக்கும் முறை 1991இலும், 3270க்குரிய முறை 1994இலும் எழுத்தில் வந்தபின், 1997இல் 802.11 கம்பியில்லா வலைத் தரமும் வெளியானதும், அந்த வேடத்தைக் கைக்கணினியே ஏற்றுக்கொண்டது. அதனோடு, கைக்கணினியை அதற்கேற்ப அமைத்துக் கொடுக்கும் பொறுப்பும் கிடங்குத் தொழில்நுட்ப ஊழியர்மேல் வந்து விழுந்தது.

பிரதானக் கணினியின் முகவரி, டெல்நெட்டுக்குரிய 23 என்ற போர்ட் எண், எமுலேஷன் வகை ஆகியவற்றைக் குறிப்பது எளிய காரியம். சிரமம் அதற்குப் பின்னரே. 24 வரிகளும் 80 பத்திகளுமாக 1,920 எழுத்துகளைத் தாங்கிய திரையை உள்ளங்கையளவுக் கண்ணாடியில் காட்ட வேண்டியிருந்தபடியால், சிலர் விவரங்கள் யாவும் திரையின் இடது மேல்மூலையிலேயே அடங்குமாறு பிரதானக் கணினியின் நிரல்களைத் திருத்தினர். மற்றவர்கள் கர்சர் செல்லும் இடத்துக்குத் திரையும் நகருமாறு அமைத்தனர். முன்னதே மேலானதென்பது நமது அபிப்பிராயம்; நகரும் திரையில் ஊழியர் தம் இடத்தை அடிக்கடி இழந்துவிடுகிறார்.

பார்கோடைப் படித்தவுடன் அதன் ஈற்றில் எந்த விசையைச் சேர்ப்பது என்பது இன்னும் நுட்பமான விஷயம். 5250 முறையில் என்டர் வேறு, கட்டத்தைவிட்டு வெளியேறும் ஃபீல்டு எக்ஸிட் விசை வேறு. அடுத்த கட்டத்துக்குச் செல்லும் டேப் விசை வேண்டிய இடத்தில் என்டர் சேர்க்கப்பட்டால் பாதி நிரம்பிய திரையே அனுப்பப்பட்டு, பிழைச் செய்தி திரும்பிவரும். ஒரே ஊழியர் ஒரு நாளில் பல நூறு பார்கோடுகளைப் படிக்கும் இடத்தில், இந்த ஒரு விசையைச் சரியாகத் தேர்வது அவருடைய உழைப்புக்குச் செய்யும் மரியாதையாகும்.

இணைப்பு அறுபடுவதும் பெருந்தொல்லையாக இருந்தது. மின்கலத்தைச் சேமிக்கக் கைக்கணினி உறங்கும்போதோ, அலை எட்டாத மூலைக்கு ஊழியர் செல்லும்போதோ அமர்வு துண்டிக்கப்பட்டாலும், அவர் திறந்து வைத்த பதிவு பிரதானக் கணினியில் பூட்டப்பட்டே நிற்கக்கூடும். இதற்குப் பரிகாரமாக, அமர்வைத் தன்வசம் உயிரோடு வைத்துக் காக்கும் இடைநிலை சர்வர்கள் புகுத்தப்பட்டன. டெல்நெட்டில் கடவுச்சொல் மறைப்பின்றியே செல்வதாலும், கம்பியில்லா வலையின் முதற்பாதுகாப்பான டபிள்யூ.இ.பி. (WEP) முறையின் பலவீனங்கள் 2001ஆம் ஆண்டில் அம்பலமானதாலும், எஸ்.எஸ்.எச். முதலிய மறைகுறி முறைகளை அமைப்பதும் அவசியமாயிற்று.

விண்டோஸ் சி.இ. குடும்பத்தைச் சேர்ந்த கைக்கணினிகள் நெடுங்காலம் இத்துறையை ஆண்டன. அக்குடும்பத்தின் 6.5 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆதரவு 2020 ஜனவரியில் முடிவுறவே, கிடங்குகள் ஆண்ட்ராய்டு சாதனங்களை நாடின. விசைகள் மறைந்து தொடுதிரை நிலைபெற்றதனால், 24 செயல்விசைகளுக்கும் கண்ணாடியில் இடம் தேட வேண்டியதாயிற்று. சில மென்பொருள்கள் வரும் திரையை வாசித்து, அதைப் பொத்தான்களாக உருமாற்றித் தருகின்றன; ஆயினும் அவை திரையில் எழுத்துகள் நிற்கும் இடத்தைக் கொண்டே அதை அடையாளம் காண்பதால், பிரதானக் கணினியின் நிரலில் ஒரு வரி இடம்பெயர்ந்தாலும் விதிகளைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.