அலகை நனைக்கும் காசு

வணிகர்கள் ஒன்றுகூடினால் விலையைப் பற்றியும் வரியைப் பற்றியுமே பேசுவர் என்று நாம் எண்ணுகிறோம். 1990 ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலியின் சிசிலித் தீவில் வடகரையோரமாக அமைந்த காப்போ தொர்லாந்தோ என்னும் சிறு நகரின் கடைக்காரர்கள் கூடிப் பேசிய பொருளோ வேறு. தம் ஊரில் அச்சமின்றிக் கடை திறப்பது எங்ஙனம் என்பதே அது.

சிசிலியில் தொழில் நடத்துவோர் மாபியாக் கும்பல்களுக்குக் கட்டிவந்த கப்பத்துக்குப் 'பிட்சோ' என்று பெயர். அத்தீவின் பேச்சுமொழியில் பறவையின் அலகைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். 'எம் அலகையும் சற்றே நனைத்துக்கொள்கிறோம்' என்பது கேட்பவரின் பணிவான வேண்டுகோள்! மாமூல் என்னும் சொல்லோடு பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. முதலில் தொலைபேசியில் ஒரு குரல் வரும். பணம் வராவிட்டால் ஒரு காலையில் கடைப்பூட்டின் துளை முழுவதும் பசை ஊற்றி அடைக்கப்பட்டிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் தீ. சிறையிலிருக்கும் 'நண்பர்களின்' குடும்பங்களுக்கு உதவி என்பது வழக்கமான சாக்கு. பல கடைகளில் இக்கப்பம் ஆண்டுக்கு இருமுறை செலுத்தப்பட்டது. எப்போது தெரியுமா? கிறிஸ்து பிறப்பு விழாவிலும் உயிர்ப்பு விழாவிலும்! நம் திருவிழாக்களின் நாட்காட்டியைக் கொள்ளையரும் கைக்கொண்டிருந்தனர்.

காப்போ தொர்லாந்தோவின் வணிகர்கள், காலணிக் கடை வைத்திருந்த தானோ கிராசோவின் தலைமையில் அவ்வாண்டு டிசம்பரில் சங்கம் ஒன்றை நிறுவினர். அவர்கள் கண்டுகொண்ட உண்மை எளியது. தனியொருவன் புகார் கொடுத்தால் அவன் ஒருவனே குறியாவான். ஊரே கொடுத்தால் யாரைக் குறிவைப்பது? காவல் அதிகாரிகளோடு கலந்து பேசினர். சேர்ந்தே சாட்சி சொல்லத் துணிந்தனர். பாத்தி நகர நீதிமன்றத்தில் 1991 இல் நடந்த வழக்கில் அச்சங்கமும் ஒரு தரப்பாக நின்றது. மிரட்டியவர்கள் தண்டனை பெற்றனர். தானோ கிராசோ அடுத்த ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினரானார்; பின்னாளில் கப்ப ஒழிப்புக்கான அரசு ஆணையராகவும் பணியாற்றினார்.

அதே மாதங்களில், அதே தீவின் தலைநகராகிய பலேர்மோவில் நடந்ததை நினைத்தால் நெஞ்சம் கனக்கிறது. அங்கே லிபெரோ கிராசி என்னும் தொழிலதிபர் உள்ளாடைகளும் இரவு உடைகளும் தைக்கும் ஆலையொன்றை நடத்தி வந்தார். அவரிடமும் கப்பம் கேட்டனர். அவர் மறுத்ததோடு நில்லாமல், 1991 ஜனவரி 10 அன்று அந்நகரின் நாளிதழில், தம்மை மிரட்டியவனையே விளித்து வெளிப்படையான கடிதம் ஒன்றை வெளியிட்டார். மிரட்டும் தொலைபேசிகளுக்கும் வெடிகளுக்கும் தோட்டாக்களுக்கும் வீண் செலவு செய்யவேண்டா, நாங்கள் பணம் தரப்போவதில்லை, காவல்துறையிடம் பாதுகாப்புக் கேட்டுவிட்டோம் என்பது அதன் சாரம்.

நியாயமாகப் பார்த்தால் மறுநாளே பலேர்மோவின் தொழிலதிபர்கள் அவர் பக்கம் திரண்டிருக்க வேண்டும். திரளவில்லை. அவர்களுடைய சங்கம் அவரிடமிருந்து விலகியே நின்றது. ஊரின் நற்பெயரைக் கெடுக்கிறார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. போதாக்குறைக்கு, அவ்வாண்டு ஏப்ரலில் கத்தானியா நகர நீதிபதி ஒருவர், மாபியாவுக்குப் பணம் கொடுத்த பெருந்தொழிலதிபர்கள் வேறு வழியின்றியே கொடுத்தனர் என்று கூறி அவர்களைக் குற்றத்தினின்று விடுவித்தார். அப்படியானால் கொடுக்க மறுப்பவன் மூடன் என்றாகிறதே! கிராசி தொலைக்காட்சியில் தோன்றி அத்தீர்ப்பைக் கண்டித்தார். நாடே அவரைப் பார்த்தது. நகரம் மட்டும் பாராததுபோல் இருந்தது.

1991 ஆகஸ்டு 29 அன்று காலை, வீட்டிலிருந்து ஆலைக்குப் புறப்பட்டவர் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

துணிவில் இவ்விருவரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர் அல்லர். ஒருவர் பிழைத்ததற்கும் மற்றவர் மாண்டதற்கும் சூழநின்றோரின் எண்ணிக்கையே காரணம் என்பது எம் கருத்து. சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். பலேர்மோவோ பெருநகரம், அங்கே மாபியாவின் வேரும் ஆழம் என்று வாதிடலாம். ஆம், அதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் கப்பம் கட்டும் ஒவ்வொருவனும் தன் கடைக்கு வாங்கும் அமைதி, கட்ட மறுக்கும் அண்டைக் கடைக்காரனின் தலைமேல் ஏறுகிறது என்பதை எந்தப் பெருநகரமும் மாற்றிவிட முடியாது.

வணிகரைப் பேசிவிட்டுத் திருச்சபையைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 1964 குருத்து ஞாயிறன்று பலேர்மோவின் கர்தினால் ருபீனி வெளியிட்ட மேய்ப்புப்பணி மடல், மாபியா பற்றிய பேச்சைச் சிசிலியின்மீது சுமத்தப்படும் பழியாகவே பெரிதும் கண்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் இருக்கையில் அமர்ந்திருந்த கர்தினால் பாப்பலார்தோ வேறு குரலில் பேசினார். மாபியாவை ஒடுக்க அனுப்பப்பட்ட ஆட்சியாளர் தல்லா கியேசா, பொறுப்பேற்று ஏறத்தாழ நூறு நாள்களில், 1982 செப்டம்பர் 3 அன்று கொல்லப்பட்டார். மறுநாள் அடக்கத் திருப்பலியில் அமைச்சர்களைக் கண்முன் வைத்துக்கொண்டே, உரோமையர் கூடி ஆலோசித்துக் கொண்டிருக்கையில் பகைவர் கையில் வீழ்ந்த பழைய சகுந்து நகரத்தோடு பலேர்மோவை ஒப்பிட்டார் கர்தினால். பாதுகாப்பைப் பற்றிக் கூடிப் பேசுவோர் யாவரும் அந்த மறையுரையை ஒருமுறை நினைவுகூர்வது நலம்.

பங்குத்தந்தை பீனோ புலீசி 1990 இல் பிரங்காச்சோ என்னும் புறநகர்ப் பங்குக்கு வந்தார். ஊர்த் திருவிழாவுக்கு மாபியாவின் பணம் வேண்டா என்று மறுத்தார். திருவிழா நன்கொடைச் சீட்டில் முதலில் எழுதப்படும் பெரும்புள்ளிகளின் பெயர்களை நாம் அறிவோம்; அம்மறுப்பின் எடை நமக்குப் புரியும். அப்பகுதியின் குடியிருப்போர் குழு ஒன்று, பள்ளியும் மருத்துவ நிலையமும் கழிவுநீர் வசதியும் கேட்டு நகராட்சி அதிகாரிகளின் வாயில்களில் நின்று வந்தது. அதற்கும் அவர் துணை நின்றார். 1993 ஜூன் 29 இரவு, அக்குழுவினர் மூவரின் வீட்டுக் கதவுகள் கொளுத்தப்பட்டன. செப்டம்பர் 15 அன்று, தம் ஐம்பத்தாறாம் பிறந்தநாளில், அருள்தந்தை தம் வீட்டு வாயிலில் சுடப்பட்டார். அவ்வாண்டு மே மாதம்தான் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அக்ரிஜெந்தோவில், கடவுளின் தீர்ப்பு ஒருநாள் வரும், மனம் திரும்புங்கள் என்று மாபியாவினரை நோக்கி முழங்கியிருந்தார். புலீசி 2013 மே 25 அன்று மறைசாட்சியாக ஏற்கப்பட்டு அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

கிராசியின் சாவுக்குப் பின் அரசு விழித்தது. கப்பத்துக்கு இரையானோருக்கு உதவ நிதி ஏற்படுத்தும் அவசரச் சட்டம் 1991 இன் கடைசி நாளன்று பிறந்தது. பலேர்மோ நகரம் விழிக்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிற்றுண்டிச்சாலை ஒன்று திறக்க எண்ணிய இளைஞர் சிலர் செலவுக் கணக்குப் போட்டபோது, கப்பத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டுமே என்று திகைத்தனர். 2004 ஜூன் 29 அன்று காலை, இக்கப்பத்தைக் கட்டும் மக்கள் மானமிழந்த மக்கள் என்னும் பொருள்பட, மரண அறிவிப்புப் போன்ற சிறு ஒட்டுத்தாள்கள் நகரெங்கும் காணப்பட்டன. 'அத்தியோபிட்சோ' இயக்கம் இவ்வாறு தோன்றியது. கப்பம் கட்டாத கடைகளின் பட்டியலை வெளியிட்டு, அங்கேயே பொருள் வாங்குவோம் என்று நுகர்வோரிடம் உறுதி பெற்றது அவர்களின் வழி. வாங்குபவனுக்கும் இதில் பங்குண்டு என்பதை வேறு யாரும் இத்தனை தெளிவாக உணர்த்தியதில்லை. சிசிலியின் தொழிலதிபர் கூட்டமைப்பு, கப்பம் கட்டும் உறுப்பினரை நீக்குவோம் என்று 2007 செப்டம்பரில் அறிவித்தது. கிராசி மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து!

கிராசி விழுந்த இடத்தில் பளிங்குக் கல்வெட்டு வைப்பதை அவர் குடும்பத்தார் விரும்பவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 அன்று அவர் மனைவி பீனா, கையால் எழுதிய தாளொன்றைச் சுவரில் ஒட்டி வந்தார். மாபியாவோடு, தொழிலதிபர் சங்கத்தின் மௌனத்தையும் கட்சிகளின் அக்கறையின்மையையும் அரசு அங்கே இல்லாமற்போனதையும் கொலைக்குப் பொறுப்பாளிகளாக அத்தாள் பெயர் சொல்லிச் சுட்டியது. 2016 இல் அவர் காலமான பின்பு மக்கள் அதைத் தொடர்ந்தனர். மழையில் அத்தாள் கிழிந்துபோகும். மறு ஆண்டு புதிது ஒட்டப்படும்.