எட்டு மணி நேரமும் ஒரு மருந்துதான்

1923 மே 1. இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில கொண்டாடினார் சிங்காரவேலர். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினவங்க நினைவா வந்த நாள் அது. சரியா நூறு வருசம் கழிச்சு, 2023 ஏப்ரல் 21ல, 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற மசோதா நம்ம சட்டசபையில நிறைவேறுச்சு. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, மூணு நாள் லீவுன்னாங்க.

கணக்கு சரிதாங்க. ஆனா உடம்பு வாரக்கணக்கு பாக்காதே! ஒரகடத்துல 12 மணி நேர ஷிஃப்ட், கம்பெனி பஸ்ல போக வர 3 மணி நேரம்னு வச்சுக்கங்க. சாப்பிட, குளிக்க, தூங்க மிச்சம் ஒன்பதுதான். தூக்கம் குறைஞ்சா, சாயங்காலம் இறங்கவேண்டிய டென்ஷன் ஹார்மோன் கார்டிசால் இறங்காது. ரத்த அழுத்தம் ஏறும். நடை, மூச்சுப்பயிற்சி எல்லாம் நல்லதுதான், செய்ய நேரம் வேணுமே?

எதிர்ப்பு கிளம்பி, அந்த வருசம் மே 1லயே வாபஸ்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். என்னைக் கேட்டா, ஸ்ட்ரெஸ்ஸுக்கு முதல் மருந்து நேரத்துக்கு வீடு திரும்புறதுதான். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?