தோட்டத்து மேடையும் மின்னிசைக் கருவிகளும்

முத்தமிழுள் நடுவண் நிற்பது இசை. அவ்விசையை அரங்கில் ஏற்றுவதற்கு எவ்வெவை வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை முறையாக வகுத்துரைக்கின்றது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை முதற்கண் கூறிய பின்னரே, எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கை இளங்கோவடிகள் அமைக்கின்றார். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைத்தலையும் அவர் மறந்தாரல்லர். கலைஞர் முதலில், கருவியும் அரங்கும் பின்னர் என்னும் இவ்வரிசை, மின்னிசைக் கருவி வாங்க முற்படும் இக்காலத்தார்க்கும் பொருந்துவதாகும். வட சிலாங்கூர்த் தோட்டப்புற வரலாற்றோடு வைத்து இதனை ஆராய்வோம்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தமிழர் கால்கொண்ட வரலாறு இடப்பெயர்களிலேயே பதிந்துள்ளது. 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்குதான் தொடங்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். பிரெஞ்சு முதலாளியின் தோட்டத்திற்குத் தமிழ்ப் பெயர் வாய்த்தமை எண்ணத்தக்கது.

இத்தகைய தோட்டங்களின் மாரியம்மன் திருவிழாக்களே நம் மக்களின் இசையரங்குகளாக விளங்கின. தப்பும் உருமியும் நாயனமும் முழங்கின. இரவில் நாடகம் நடந்தது. அருகிலிருந்த பத்து ஆராங் சுரங்கத்தில் 1915 முதல் 1960 வரை எடுக்கப்பட்ட நிலக்கரி இரயில்களை ஓட்டியது, மின்னாலைகளுக்கும் எரிபொருளாயிற்று. ஆயினும் அதே வட்டாரத்துத் தோட்ட இலயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர் மின்னாக்கி வந்தபோதும் மாலையில் சில மணி நேரமே வெளிச்சம் கிட்டியது. எனவே, மின்சாரம் வேண்டாத கருவியே தோட்டத்து மேடைக்கு உகந்ததாயிற்று.

அத்தகைய கருவிகளுள் தலையாயது ஆர்மோனியம். 1842இல் பாரிசில் அலெக்சாண்டர் தெபேன் காப்புரிமை பெற்ற இக்கருவி, இந்திய மண்ணில் கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாறித் தமிழ் நாடக மேடையின் உயிர்நாடியாயிற்று. ஆயினும் அதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை அதன் கட்டைகள் தாரா என்பதே அறிஞர் கூறிய குறை. அனைத்திந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. இவ்வழக்கு இன்றைய மின்னிசைக் கருவிகளுக்கும் உரியது என்பதை மாணவர் உளங்கொள்ளுதல் வேண்டும்.

அடுத்து வந்தது ஒலிபெருக்கி. அதற்கு முன் பல்லாயிரவர் கேட்க உச்சக் குரலில் பாட வல்லவரே மேடையில் நிலைத்தனர். எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அத்தகைய குரலால் விளைந்தது. ஒலிவாங்கி வந்தபின் மெல்லிய குரலுக்கும் மேடையில் இடம் கிடைத்தது.

மின்னிசைக் கருவிகளின் வரலாறு விரைந்து வளர்ந்தது. 1970இல் வெளிவந்த மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே எழுப்பும். வெப்பத்தால் சுருதியும் விலகும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 பதினாறு சுரங்களை ஒருங்கே ஒலித்தது. அதே ஆண்டில், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று உரையாட வைக்கும் மிடி என்னும் பொதுமுறையும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்த் திரையில் இளையராஜா 1986இல் புன்னகை மன்னன் படத்திற்குக் கணினியின் துணைகொண்டு இசையமைத்தார். திரையில் கேட்டதைத் தம் மேடையிலும் கேட்க மக்கள் விழைந்தனர். இசைக்குழுக்களும் விசைப்பலகையை நாடின.

இனித் தெரிவு பற்றிக் கூறுவோம். முதலாவது சுருதி. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டையிலும், பெண்களும் சிறுவரும் ஐந்து, ஆறு கட்டையிலும் பாடுவர். சுருதி மாற்றும் வசதியுள்ள கருவியாயின் பாடுவோர் தம் குரலுக்கேற்பப் பாடலாம். இரண்டாவது கமகம். சுருதியை வளைக்கும் சக்கரம் உள்ள பலகையே நம் இராகங்களுக்கு ஓரளவேனும் இணங்கும். மூன்றாவது மின்சாரம். மின்னாக்கியின் அழுத்தம் ஒருகணம் தாழ்ந்தாலும் கருவி அணைந்துவிடக்கூடும். ஆதலின் மின்கலத்தாலும் இயங்குவது நலம். நான்காவது ஒலியளவு. திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி ஆறு டெசிபெல் குறையும். வாட்டு அளவை இருமடங்காக்கினாலோ மூன்று டெசிபெல்லே கூடும். எனவே பெரிய பெருக்கி ஒன்றை வாங்குவதினும், திடலின் இடையில் மேலும் இரு ஒலிபெருக்கிகளை நிறுத்துவதே அறிவுடைமை. பாடுவோர் ஒலிபெருக்கிக்கு முன்னே நின்றால், அதன் ஒலி மீண்டும் ஒலிவாங்கியுள் புகுந்து கூச்சலிடும் என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

எனினும் இவையனைத்தினும் முதன்மையான வினா ஒன்றுண்டு. இக்கருவியை வாசிப்பவர் யார்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புற வீடமைப்புகளுக்குப் பெயர்ந்தபோது, நாயனக்காரரும் தப்புக்காரரும் ஆர்மோனியக்காரரும் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். அறுவர் இருந்த இடத்தில் விசைப்பலகையுடன் ஒருவர் அமர்ந்தார். இன்று அவ்விடத்திலும் பதிவு செய்த பின்னணி இசையே ஒலிப்பது பெருவழக்காகிவிட்டது. பதிவு பாடகனுக்காகக் காத்திராது. ஒரு சிறுமி அடியை மறந்து தயங்கினால் நின்று கைகொடாது. உயிருள்ள வாசிப்பாளனோ அவள் மீண்டும் அடியைப் பிடிக்கும்வரை அதே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்து அவளைக் காப்பான்.

ஆதலின் பள்ளியும் ஆலயக்குழுவும் கருவிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கற்பிப்போர்க்கு ஒதுக்குதல் வேண்டும். பன்னிரு விசைகளுக்குள் சுரங்களை அறிந்த மாணவன், பின்னர் உருமியையும் நாயனத்தையும் நாடிச் சென்று, விசைகளுக்கு இடையே உள்ளவற்றையும் கற்பான். அவனை அங்கே அழைத்துச் செல்லவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களைத் தேடிப் பள்ளிக்கு அழைத்தல், கருவிக்கான விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டிய பணியாகும்.