ஜெனரல் தெ கோலும் என் அப்பாவும்

1964 ஏப்ரலில் எனக்குப் பதினான்கு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி நாங்கள் இந்தியாவோடு சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் வகுப்பில் ஆசிரியர், பிரான்சின் ஜனாதிபதி ஜெனரல் தெ கோலுக்கு ஆபரேஷன் நடந்திருப்பதாகச் சொன்னார். "எங்கே?" என்று ஒரு பையன் கேட்டான். "பாரீசில்" என்றார். உடம்பில் எங்கே என்று அவன் மறுபடி கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வீட்டில் அப்பா தம் நண்பரிடம் பேசும்போது 'ப்ரொஸ்தாத்' என்ற சொல் காதில் விழுந்தது. லரூஸ் அகராதியை எடுத்துப் புரட்டினேன். அப்பா பார்த்துவிட்டார். "வயசானா வர்றது. உனக்கெதுக்குடா?" என்று அகராதியை வாங்கி மூடிவைத்தார்.

தெ கோல் அந்த விஷயத்தை யாருக்கும் தெரியாமல்தான் வைத்திருந்தார். ஏப்ரல் 16 மாலை தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். தம் உடல்நிலை பற்றி மூச்சு விடவில்லை. அன்றிரவே பாரீசின் கொஷேன் மருத்துவமனையில் சேர்ந்தார். மறுநாள் பேராசிரியர் அபுல்கேர் அறுவை செய்தார். பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 73. அதே வருடம் செப்டம்பரில் தென் அமெரிக்கா புறப்பட்டுப் பத்து நாடுகளைச் சுற்றிவந்தார். அடுத்த வருடம் தேர்தலிலும் நின்று ஜெயித்தார்.

அவருக்கு முன்பே கிளெமான்சோ 1912இல், தம் எழுபதாவது வயதில், இதே சுரப்பிக்கு அறுவை செய்துகொண்டார். ஐந்து வருடம் கழித்து, முதல் உலகப் போரின் நடுவே, பிரான்சின் பிரதமரானார்.

அப்பா இந்தக் கதைகளையெல்லாம் அறிந்தவர். ஆனால் தமக்கென்று வந்தபோது வாய் திறக்கவில்லை. இரவில் நாலைந்து முறை எழுந்து போவார். அம்மா கேட்டால் "தண்ணி நிறையக் குடிச்சேன்" என்பார். 1981இல் கால் வீங்கி, சோறு இறங்காமல் போனபிறகு டாக்டரிடம் கொண்டுபோனோம். சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் வருடக்கணக்கில் தேங்கி, இரண்டு சிறுநீரகங்களும் கெட்டிருந்தன. அறுபத்தெட்டு வயதில் போய்விட்டார்.

இத்தனையும் கண்ணால் பார்த்த நானும் அதையேதான் செய்தேன். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்குக் கோப்பை நிலுவையில் போடுவதைச் சொல்லித்தர வேண்டுமா? நான்கு வருடம் மாத்திரையிலேயே ஓட்டினேன். கடற்கரையில் காலை நடை போகும்போது, பொதுக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வழியை வகுப்பேன். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு சொட்டுகூட வராமல் அடைத்துக்கொண்டது. வயிறு கல்லாகிவிட்டது. நள்ளிரவில் மருத்துவமனையில் குழாய் போட்டுத்தான் உயிர் வந்தது.

சுரப்பி தொண்ணூறு கிராம் அளவுக்கு வீங்கியிருந்தது. டாக்டர் மூன்று வழிகளைச் சொன்னார்: வயிற்றைத் திறந்து எடுப்பது, சிறுநீர்ப் பாதை வழியாக மின்கம்பியால் சீவி எடுப்பது, அதே பாதையில் லேசரால் குடைந்து எடுப்பது.

இதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பழைய காலத்தில் இந்த நோய்க்காரர்கள் தாங்களே குழாய் விட்டுச் சிறுநீர் எடுத்துக்கொண்டு, கடைசியில் கிருமி ஏறிச் செத்தார்கள். வட இந்தியாவில் மருத்துவராக இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர், லண்டனில் 1900 டிசம்பரில் ஒரு நோயாளியின் அடிவயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதியை விரலாலேயே தோண்டி எடுத்தார். ஆரஞ்சுத் தோலிலிருந்து சுளையை உரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920, 30களில் அமெரிக்காவில் மின்கம்பி முறை வளர்ந்தது. வயிற்றில் கத்தி படாது. ஆனால் பெரிய சுரப்பிக்கு அது சுலபமில்லை. லேசர் முறை ஃப்ரேயரின் விரல் செய்ததையே வயிற்றைத் திறக்காமல் செய்கிறது.

நான் லேசரைத் தேர்ந்தெடுத்தேன். சுரப்பி பெரிது, ரத்தப்போக்கும் குறைவு என்பது காரணம். "நீங்க இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்களும் கேளுங்கள். இன்னொன்றையும் அவர் சொன்னார்: இந்த அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். வயதில் இளையவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். இரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். முதல் வாரம் எரிச்சல். இருமினால், தும்மினால் கசிவு. பச்சைக் குழந்தைபோலத் துணி கட்டிக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருந்தது. டாக்டர் சொன்ன தசைப் பயிற்சியை விடாமல் செய்தேன். இரண்டு மாதத்தில் நின்றது. பன்னிரண்டாம் நாள் சிறுநீர் சிவப்பாக வந்தது. பயந்து போன் செய்தேன். உள்ளே பொருக்கு உதிர்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள், கட்டியாக வந்தாலோ அடைத்தாலோ உடனே வாருங்கள் என்றார்கள். ஆறு வாரம் வாளி தூக்கவில்லை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டேன். எடுத்த சதையைப் பரிசோதித்ததில் புற்று இல்லை. ஆனால் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருப்பதால், ரத்தப் பரிசோதனையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் மாதம் ஒருநாள் கண் விழித்தபோது விடிந்திருந்தது. இரவில் ஒரே முறைதான் எழுந்திருந்தேன். "என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

அன்று சாப்பிடும்போது, ஐம்பதை நெருங்கும் என் மகனிடம் தாத்தாவின் கதையை முழுவதும் சொன்னேன். "சாப்பிடறப்ப எதுக்குப்பா இதெல்லாம்?" என்றான். இப்போது சொல்லாமல் வேறு எப்போது சொல்வது என்று கேட்டுவிட்டு, மீதிக் கதையையும் சொல்லி முடித்தேன்.