முருகைக்கல்லுக்கு நோய் பார்த்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நிலாவெளி, புறாமலை, நம்முடைய கடல் என்று அக்கறை உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் என்னிடம் படித்த தம்பி, இப்போது கட்டாரில் வேலை. அறையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து மீனும் முருகையும் வளர்க்கிறார். படத்தில் மான்கொம்பு போலக் கிளைவிட்ட ஒரு முருகை. அடிப்பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கீழே ஒரு வரி: "சேர், இது மவுத்தாகிட்டா, இன்னும் உசிரு இரிக்கா?"

கப்பல்துறையில் இருந்துகொண்டு தோஹாவில் உள்ள தொட்டிக்கு வைத்தியம் சொல்வதா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை மனிதர்கள் முந்நூறு வருடமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி நம் திருகோணமலைக் கடலிலேயே நடந்திருக்கிறது.

முதலில் முருகைக்கு உயிர் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவே காலம் எடுத்தது. சூரா அர்ரஹ்மானில் வரும் 'மர்ஜான்' என்பதை நாம் பெரும்பாலும் பவளம் என்றே மொழிபெயர்க்கிறோம். நகைக்குப் போகும் அந்தச் சிவப்புப் பவளத்தைத்தான் 1720களில் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் மார்செய்யிலும் வட ஆபிரிக்கக் கரையிலும் ஆராய்ந்தார். அதில் விரிவது பூ என்று அறிஞர்கள் சொன்னார்கள். இவர் அது பூவல்ல, சின்ன விலங்கு என்றார். பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய கருத்தை வாசித்த ரியோமூர், ஆளுக்கு வெட்கக்கேடு வேண்டாம் என்று பெயரைச் சொல்லாமலே வாசித்தாராம்! 1740களில்தான் அதே கழகம் அவர் சொன்னது சரி என்றது. உயிர் உண்டென்று தெரியாத ஒன்றுக்கு யார் நோய் பார்க்கப் போகிறார்கள்? நம் நாட்டுக் கரையோரங்களிலும் முருகைக்கல் நெடுங்காலம் வீடு கட்டும் கல்லாகவும் சூளையில் வேகும் சுண்ணாம்பாகவும் மட்டும்தானே இருந்தது.

அடுத்த பெரிய படி 1928-29இல் அவுஸ்திரேலியாவில் நடந்தது. யோங் என்ற ஆங்கிலேயர் தலைமையில் ஒரு குழு பெருந்தடுப்பு முருகைத்தொடரில் உள்ள லோ தீவுகளில் ஒரு வருடம் தங்கியது. பாறை கட்டும் முருகைகளின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் ஒளித்தொகுப்புச் செய்து, ஆக்கிய உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கின்றன. முருகையின் நிறத்தில் பெரும்பகுதி அந்தக் குடியிருப்பாளர்களின் நிறம். சூடு மிஞ்சினால் முருகை அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது என்பதை அந்தக் குழு கடலிலும் பரிசோதனையிலும் கண்டது. நிறம் போனதும் கண்ணாடி போன்ற தோலுக்கு அடியில் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. முருகை அப்போது வெள்ளை, ஆனால் சாகவில்லை. பட்டினியில் கிடக்கிறது. சில வாரத்தில் தண்ணீர் குளிர்ந்தால் அல்கா மறுபடி பெருகி நிறம் திரும்பலாம். சூடு நீடித்தால் செத்துவிடும்.

சூடு மட்டும்தான் இதைச் செய்யும் என்றும் இல்லை. 1963இல் ஃப்ளோரா சூறாவளியோடு வந்த மழை வெள்ளம் ஜமெய்க்காவின் முருகைகளை இதேபோல வெளுக்க வைத்ததை கோரோ என்பவர் எழுதியிருக்கிறார். அங்கே காரணம் நன்னீர், அதாவது உப்புக் குறைந்தது. வெள்ளை என்பது நம்முடைய காய்ச்சலைப் போல. டெங்குவுக்கும் காய்ச்சும், மலேரியாவுக்கும் காய்ச்சும்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம். 1970களில் திருகோணமலைப் பக்கத்து முருகைகள் பரவலாக வெளுத்து அழிந்தன. அன்றைக்குச் சூடு காரணமல்ல. முள்முடி நட்சத்திர மீன் காரணம். டி புருயின் என்ற இலங்கை ஆய்வாளர் 1972இலேயே அதைப்பற்றி எழுதினார். உடம்பெல்லாம் நச்சு முள். இரைப்பையை வாய்வழியாக வெளியே தள்ளி முருகையின் மேல் விரித்து, தசையை அங்கேயே கரைத்து உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பகலில் கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது தின்ற இடம் ஓரம் வெட்டினாற்போலப் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பக்கத்துக் கிளையோ நல்ல நிறத்தோடு நிற்கும். சூட்டில் வெளுப்பது அப்படியல்ல, அயலட்டை எல்லாம் சேர்ந்து வெளுக்கும்.

1998இல் உலகக் கடல்கள் சூடேறியபோது ஹிக்கடுவையில் அதுதான் நடந்தது. முருகைப் பரப்பில் பாதிக்கு அருகில் உயிரோடு இருந்தது, பத்தில் ஒன்றுக்கும் கீழே போயிற்று. புத்தளத்துப் பக்கம் பார் ரீஃபின் ஆழங்குறைந்த பகுதி ஏறக்குறைய முழுதாகவே போனது. நம்முடைய புறாமலை அந்த வருடம் பெரிதாக அடிபடாமல் தப்பியது. தெற்கிலும் மேற்கிலும் செத்துக்கிடந்தபோது இலங்கைக்கு மிஞ்சிய நல்ல முருகைகளில் நம்முடையதும் ஒன்று. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. புறாமலை என்றால் அவர்களுக்குப் படகும் செல்ஃபியும்தான்.

பிறகு 2004 சுனாமி. அது நோயல்ல, விபத்து. நம் மாவட்டத்தில் சில இடங்களில் முருகை புரண்டு உடைந்து மணலில் புதைந்தது. வெடி போட்டு மீன் பிடித்த இடங்களும் உடைந்த காயம்தான் காட்டும். சுனாமிக்கு ஒரு காலை போதுமாக இருந்தது, வெடி வருடக்கணக்காகச் செய்தது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு கூட்டம் வந்தது, கூட்டத்தோடு கால்களும் வந்தன. முழங்கால் தண்ணீரில் கிளை முருகையின் மேல் ஏறி நின்று படம் எடுக்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், நம்மவர்களும் உண்டு. படகோட்டுகிற நம் பிள்ளைகளின் சோறு அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

தொட்டிக்குத் திரும்புவோம். வீட்டில் முருகை வளர்ப்பது நெடுங்காலம் நடக்காத காரியமாக இருந்தது. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர் ஒரு மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் தன் முறையை எழுதினார். கடலில் இருந்து எடுத்த உயிருள்ள கல், காற்றுக் குமிழி, வெளிச்சம். பெரிய வடிகட்டி எதுவும் இல்லை. கல்லில் உள்ள நுண்ணுயிர்களே கழிவைப் பார்த்துக்கொண்டன. பின்னாளில் பெர்லின் ஆர்வலர்கள் பலமான விளக்கும் நுரையெடுக்கும் கருவியும் சேர்த்து அதை வளர்த்தார்கள். இன்றைக்குத் தொட்டி வைத்திருப்பவன் கடலில் ஆய்வாளருக்குக் கிடைக்காத ஒன்றை வைத்திருக்கிறான்: தண்ணீரில் எது, எப்போது, எவ்வளவு மாறியது என்று அளக்க அவனால் முடியும்.

ஆகவே தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன். வெள்ளையான இடத்தில் தோல் இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரு முருகைக்கு மட்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரு சோர்வா? கடந்த ஒரு மாதத்தில் என்ன மாற்றினாய்?

பூதக்கண்ணாடியோடு டோர்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். அடியில் தோல் உரிந்து வெறும் எலும்பு, அதில் பச்சைப் பாசியும் பிடித்துவிட்டது. அந்தப் பகுதி மவுத்துத்தான். மேல் கிளைகள் மங்கியிருந்தாலும் தோல் இருக்கிறது. மற்ற முருகைகளும் பகலில் விரியவில்லை, நத்தைகள் கீழே விழுந்து கிடக்கின்றன. அப்படியென்றால் தின்னும் பூச்சியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், குற்றம் தண்ணீரில். "புது லைட் போட்டேன் சேர், அதுதான்" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கடும் வெளிச்சம் என்றால் விளக்கைப் பார்க்கும் மேல்பக்கம் அல்லவா முதலில் வெளுக்க வேண்டும்? இங்கே நிழலில் கிடந்த அடிப்பக்கம் உரிகிறது. நத்தைக்கும் வெளிச்சத்துக்கும் என்ன வழக்கு?

"தண்ணி குறைஞ்சா என்ன ஊத்துறாய்?"

"உப்புத்தண்ணி சேர். கடல் தொட்டிதானே."

அங்கேதான் இருந்தது. ஏசி ஓடும் அறையில் தினமும் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. உப்பளம் வேலை செய்கிற கணக்கும் இதுதான். ஆவியாவது நன்னீர், ஊற்றுவது உப்புநீர். வாரக்கணக்கில் தொட்டி உப்பளமாகிக்கொண்டு வந்திருக்கிறது. கையில் இருந்த மலிவான பிளாஸ்டிக் மானி 35 என்றே காட்டியதாம். கடைக்குக் கொண்டுபோய் ரிஃப்ரக்டோமீற்றரில் பார்த்தால் ஆயிரத்துக்கு 41. வளைகுடாக் கடலிலேயே உப்பு நாற்பதுக்கு மேல் போகும்தான், அங்குள்ள முருகைகள் பழகிவிட்டன. இவருடையது இந்தோனேசியப் பண்ணையில் 34, 35இல் வளர்ந்தது.

ஒரேயடியாக இறக்காதே, நாளைக்கு ஒரு புள்ளி போதும், குறைகிற அளவுக்குச் சுத்திகரித்த நன்னீர் மட்டும் ஊற்று என்றேன். மருந்தெதுவும் போடவேண்டாம் என்றும் சொன்னேன். ஏற்கெனவே இரண்டு போத்தல் வாங்கி வைத்திருந்தார்.

இதை வாசித்துவிட்டு யாரும் புறாமலையில் இருந்து ஒரு கிளை உடைத்துக் கொண்டுவந்து தொட்டியில் வைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் முருகையை உடைப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். பார்க்க ஆசையென்றால் வேறு வழி இருக்கிறது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் 2002இல் தொடங்கிய கோரல்வோச் திட்டத்தில் ஒரு நிற அட்டை உண்டு. 1 என்றால் வெளுப்பு, 6 என்றால் அடர்நிறம். தொடாமல், மிதந்தபடி ஒப்பிட்டு எழுதிவர வேண்டியதுதான். பள்ளிக்கூட விடுமுறையில் நீந்தத் தெரிந்த பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு நிலாவெளிப் படகுக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்க எண்ணியிருக்கிறேன். அனுமதி எடுக்கும் வேலையில் உதவக்கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

தம்பி நேற்று மறுபடி படம் அனுப்பினார். உப்பு 36க்கு வந்துவிட்டது. செத்த அடிப்பகுதியை விட்டுவிட்டு, தோல் இருந்த இரண்டு நுனிகளை வெட்டிச் சின்னக் கல்லில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். ஒன்று இன்னும் மங்கல். மற்றதில் தவிட்டு நிறம் திரும்பி, நுனியில் விரலளவு இடத்தில் சின்னச் சின்னப் பூக்கள் விரிந்திருந்தன. பூ என்று எழுதிவிட்டேன், பெய்சொனெல் மன்னிக்கட்டும்.