கொடிமலைக்கு யார் வழி போட்டார்கள்?

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் லண்டனில் வெளியிட்ட ராணுவ நினைவுக்குறிப்புகளை நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பகுதிக்காகத்தான் எடுத்துக்காட்டுவார்கள். சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததை வெல்ஷ் அதில் எழுதியிருக்கிறார். பிறகு அதே மனிதரைத் துரத்திப் பிடித்த படையில் தானும் இருந்ததையும் எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நாம் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

வெல்ஷ் இன்னொன்றும் சொல்கிறார். 1818இல் அவர் பினாங்கில் இருந்தபோது தளர்ந்து ஒடுங்கிய ஒரு கிழவர் அவர்முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் பெயரைச் சொன்னார்: துரைசாமி. சின்ன மருதுவின் மகன். நாடு கடத்தப்பட்டபோது இளைஞனாக இருந்தவர். கணக்குப்படி பார்த்தால் அப்போது அவர் கிழவராகியிருக்க நியாயமே இல்லை.

இந்தப் பத்தியை நான் பல வருஷம் முன்பே படித்திருக்கிறேன். அதை ஒரு சோகமான அடிக்குறிப்பாகத்தான் மனதில் வைத்திருந்தேன். பினாங்குக் கொடிமலையில் ஒரு மலையோட்டப் போட்டியில் கலந்துகொண்ட பிறகுதான் அந்த ஊர் அவருக்கு எப்படிப்பட்ட ஊராக இருந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

*

பினாங்கைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதை வணிகர்களின் கதை. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்குகிறார். சோழமண்டலக் கரையிலிருந்து சூலியாக்கள் வருகிறார்கள். காதர் முகைதீன் தலைமையில் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுகிறது. பின்னாலேயே செட்டியார்கள், கிட்டங்கி, வட்டிக்கடை, வெள்ளி ரதம். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானபோது பலகைகளில் எழுதப்பட்டதும் இந்தக் கதைதான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கூட்டம் விடுபட்டிருக்கிறது. அவர்கள் கைதிகள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1790களிலிருந்தே இந்தியக் கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பியது. அந்தமானில் அது முதலில் தொடங்கிய குடியிருப்பு நோயால் தோற்று 1796இல் கைவிடப்பட்டபோது, அங்கிருந்த சுமார் 700 கைதிகளும் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். வங்காளம், சென்னை, பம்பாய் என எல்லா மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பியவர்களுக்கு ‘கறுப்புத் தண்ணீர்’ தூக்கைவிடப் பெரிய தண்டனையாக இருக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. அதற்குள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது. புதுத் தீவில் காடு வெட்டணும், சதுப்பைத் தூர்க்கணும், ரோடு போடணும். கூலி கொடுத்து ஆள் பிடிப்பது கஷ்டம். கைதி என்றால் சோறும் துணியும் போதும்.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ கப்பலில் ஏற்றப்பட்ட 73 பேர் இந்த ஊருக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். பாளையக்காரர் போரில் தோற்ற தரப்பின் மிச்சம் அவர்கள். துரைசாமி அவர்களில் ஒருவர். சிவகங்கைச் சீமையில் அவர் ஒரு பிரதானியின் பிள்ளை. பினாங்கில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் திருடர்கள், கொள்ளையர்கள், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள், பஞ்சத்தில் எதையோ எடுத்து மாட்டிக்கொண்டவர்கள்.

இந்த 73 பேருக்கு இன்று நம்மிடம் பெயர் உண்டு, மரியாதை உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. அரசியல் கைதியை நாம் வீரன் என்போம். சாதாரணக் கைதியைத் தாத்தா என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் மனசு வராது. பினாங்குத் தமிழர்களில் “எங்க பாட்டன் கப்பல் வச்சிருந்தார்” என்று சொல்பவர்கள் உண்டு. “எங்க பாட்டன் கால்ல விலங்கோட வந்தார்” என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. தண்டனை முடிந்த கைதிகள் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களின் வாரிசுகள் எங்கேயும் போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறார்கள். போனது நினைவு மட்டும்தான்.

இந்த அமைப்பைப் பற்றி விரிவாக எழுதியவர், அதை நிர்வகித்த மேஜர் மெக்நேர். பேலிஸ் என்பவருடன் சேர்ந்து 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே கைதிகள் தங்களுக்குத் தாங்களே காவலர்கள் என்று பொருள்படும். கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். புதிதாக வந்தவன் விலங்கோடு கடும் வேலை செய்யணும். நன்னடத்தை காட்டினால் மேல் வகுப்புக்குப் போகலாம், மேலே போனவன் கீழே இருப்பவனை மேய்க்கலாம். மெக்நேருக்கு இதில் பெருமை. படிக்கும் நமக்கோ, வெளியிலிருந்து ஒரு காவலன்கூடத் தேவைப்படாத அளவுக்கு மனிதர்களை மனிதர்களுக்கு எதிராக வரிசைப்படுத்திய சாமர்த்தியம்தான் கண்ணில் படும். 1873இல் மிச்சமிருந்த கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்படும்வரை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் சாலை, பாலம், அரசுக் கட்டடம் என்று எதைத் தொட்டாலும் இவர்கள் கைபட்டிருக்கும். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்கூட இந்தியக் கைதிகள் கட்டியதுதான்.

*

சரி, இதுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?

தீவின் நடுவே நிற்கும் கொடிமலை 833 மீட்டர் உயரம். கீழே புழுக்கத்தில் வெள்ளைக்காரர்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தபோது மேலே ஐந்து டிகிரி குறைவாக இருந்தது. 1788லேயே லைட் மேலே போகக் குதிரைப் பாதை வெட்டச் சொல்லிவிட்டார், ஸ்ட்ராபெரி பயிரிட. அந்த இடத்துக்கு இன்றும் ஸ்ட்ராபெரி மலை என்றுதான் பெயர். பிறகு கவர்னருக்கு பெல் ரெத்திரோ மாளிகை, மற்றவர்களுக்குப் பங்களாக்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் முன்பே ஆங்கிலேயர் கண்டுபிடித்த மலை வாசம் இது.

ஆனால் துரைமார் நடந்து ஏறியதில்லை. குதிரையில் போவார்கள், அல்லது மூங்கில் கட்டிய நாற்காலியில் உட்கார, ஆட்கள் தோளில் தூக்கிப் போவார்கள். பெட்டி, பாத்திரம், ஒயின், ரொட்டி எல்லாம் தலைச்சுமை. மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கி 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி திறக்கப்படும்வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குளிர்ச்சி என்பது அடுத்தவன் தோள்மேல் ஏறிப் பெறும் சுகமாகவே இருந்தது.

நாங்கள் ஓடியது தாவரவியல் தோட்டத்தின் அருகிலிருந்து கிளம்பும் ஜீப் பாதையில். பெயரிலிருந்தே தெரியும், இது பிற்காலத்துத் தார்ச்சாலை. ஜீப் என்ற வண்டியே இரண்டாம் உலகப் போரில் வந்தது. ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் 700 மீட்டர் ஏற்றம். சமதளத்தில் ஓடிப் பழகியவர்களுக்கு முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும், இங்கே ஓட்டம் என்பது பேச்சுக்குத்தான். முட்டியில் கைவைத்துக் குனிந்து நடப்பதுதான் முறை. வளைவு திரும்பினால் இன்னொரு வளைவு. இடையில் மரம் விலகும் இடங்களில் கீழே ஜார்ஜ் டவுனும் நீரிணையும் தெரியும். அழகுதான். மூச்சு வாங்கிக்கொண்டு அழகைப் பார்ப்பது தனி சுகம்.

தினமும் ஏறும் பினாங்குப் பெரியவர் ஒருவர், கையில் குடையோடு என்னைத் தாண்டிப் போனார். “மெதுவா வாங்க தம்பி, மல எங்கயும் ஓடிப்போகாது” என்றார். ஓடிப்போகும் என்பதை 2017 நவம்பரில் பினாங்கு பார்த்தது. ஒரே ராத்திரி மழையில் மலையில் பல இடங்களில் மண் சரிந்து இந்தச் சாலையும் உடைந்தது. வெப்பமண்டல மலையில் சாலையை ஒருமுறை போட்டால் முடிந்துவிடாது. ஒவ்வொரு மழைக்கும் வடிகால் அடைக்கும், கரை இடியும், காடு வந்து மூடும். பாதை என்று நாம் சொல்வது முடியாத ஒரு வேலையின் பெயர். கைதிகளுக்குத் தண்டனையாக வாய்த்ததும் இதே வேலைதான். இன்று போட்ட ரோட்டை அடுத்த மழைக்குப் பிறகு திரும்பப் போடுவது.

மலையேறி ஓடுவதை விளையாட்டாக்கியதும் காலனியம்தான். 1938இல் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் நண்பர்களும் ‘ஹாஷ்’ ஓட்டத்தைத் தொடங்கினார்கள். வார இறுதியில் ஏற்றிய மதுவை இறக்க, ஒருவன் காகிதத் துண்டுகளைப் போட்டபடி முன்னால் ஓட, மற்றவர்கள் மோப்ப நாய்களைப் போலத் துரத்தும் விளையாட்டு. இன்று உலகமெங்கும் அது ஓடுகிறது. தப்பித்த கைதியைக் காட்டுக்குள் நிஜமாகவே துரத்திய மண்ணில்தான் துரத்தல் கேளிக்கையாகவும் ஆனது. இந்த வரலாற்றைச் சொல்லி ஓடுபவர்களைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. நானும் காசு கட்டி, நெஞ்சில் எண் குத்திக்கொண்டுதான் ஏறினேன். தண்டனையாக இருந்த உழைப்பை ஒருவன் தன் விருப்பத்தால் செய்ய முடிவது விடுதலையின் ஓர் அடையாளம்தான். ஆனால் அந்த வித்தியாசம் தெரிந்து ஏறணும்.

*

இதே மலையின் அடிவாரத்தில்தான் தண்ணீர்மலை முருகன் கோயில். தைப்பூசத்தன்று 513 படிகளில் காவடிகள் ஏறும். காவடியின் கதை இடும்பனின் கதை. அகத்தியருக்காக இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்த அசுரன். பழனியில் முருகனைப் பார்க்கும் முன் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும் என்பது வழக்கம். சுமந்தவனுக்கு முதல் மரியாதை செய்யத் தெரிந்த மரபு நம்முடையது. அந்த மரபுக்காரர்களான நாமே பினாங்கில் வெள்ளி ரதத்தை நினைவில் வைத்துக்கொண்டு விலங்கு மாட்டிய கால்களை மறந்தோம்.

ஓட்டம் முடியும் உச்சியில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு சன்னதியாகத் தொடங்கியது. நாற்காலி சுமந்தவர்களும் சிப்பாய்களும் கும்பிட்ட இடம் என்று சொல்கிறார்கள். துரையை பங்களா வாசலில் இறக்கிவிட்டு, வேர்வையோடு வந்து அவர்கள் நின்ற இடம். கவர்னர்களுக்கு மலையில் மாளிகையும் சாலைப் பெயர்களும் உண்டு. தூக்கியவர்கள் விட்டுப்போனது இது ஒன்றுதான், அதையும் அவர்களேதான் வைத்துக்கொண்டார்கள்.

சுற்றுலாப் பயணிகள் அதன் வண்ணக் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ரயிலில் வந்தவர்கள், சட்டை கசங்கவில்லை. அடுத்த முறை நீங்கள் போனால், ஒரு தடவையாவது நடந்து ஏறிப் பாருங்கள். துரைசாமியைப் பற்றி வெல்ஷ் எழுதிய அந்தச் சில வரிகளைப் படித்துவிட்டுப் போங்கள். அவரோடு கிடந்த, பெயர் எழுதப்படாத மற்றவர்களுக்கும் அந்தச் சன்னதியில் ஒரு கற்பூரம் ஏற்றலாம். அவர்கள் கொலைகாரர்களாக இருந்திருக்கலாம், கோழி திருடியவர்களாக இருந்திருக்கலாம். நாம் நடக்கும் ஊரை நடக்கும்படி ஆக்கியவர்கள்.